பொங்காமல் ஒரு பயணம்

ரபாயேல் இருபத்தாறு வருஷம் மாத்தளையிலிருந்து பல்லேகமவுக்குத் தனியார் பஸ் ஓட்டியவர். அந்தப் பாதையில் போனவர்களுக்கு மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தோட்டை தாண்டியதும் மலை ஏற ஆரம்பித்துவிடும். ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு. உச்சியில் பனியும் காற்றும். ஏறி முடிப்பதற்குள் எஞ்சினின் சூடு தாங்காமல் ரேடியேட்டர் பொங்கும். பொங்கினால் பஸ் அங்கேயே நின்றுவிடும், ஏறி வந்த சனம் இறங்கி நடக்க வேண்டியதுதான். ரபாயேலின் பஸ் இருபத்தாறு வருஷமும் பொங்கவில்லை. கடைசி நாளில் மட்டும் பொங்கியது.

ஊருக்கு இருபத்தாறு வருஷம் மறந்துபோய் அந்த ஒரு நாள் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஊரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை.

அது 2006ஆம் வருஷம் மார்கழி மாதம், யுத்த காலம். உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது எஞ்சின் இறுகி நின்றது. நாற்பது பேருக்கு மேல் பனியில் நடந்தார்கள். அதில் ஒரு கல்யாணக் குடும்பம், மாப்பிள்ளையையும் நடத்திக்கொண்டு போனது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் படுத்திருந்ததை ரபாயேல் பார்க்கவே இல்லை. அவர் கண்ணில் பூ விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதை மனைவி டொறீனுக்குக்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் காலை பஸ் சாவியைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தார். முதலாளி அதைக் கேட்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

இந்தக் கதையை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சிவலிங்கம். அதே பஸ்ஸில் பதினெட்டு வருஷம் கண்டக்டர்; ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். அவரும் அந்த வாரமே முழங்கால் வலி என்று வேலையை விட்டுவிட்டு, அலுவிகாரையில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றார். ஆனால் வாயில் வலி இல்லை. "முள்ளு சிவப்புல படுத்துத் தூங்குது, நம்ம அண்ணன் பாதையவே பார்த்துக்கிட்டு இருக்காரு" என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். சொல்லிவிட்டு மாலையானால் அதே அண்ணன் வீட்டுக்கு வந்து பேப்பர் படித்து, டொறீன் கொடுத்த தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவார். ரபாயேலும் ஒன்றும் சொல்வதில்லை. முள்ளைப் பார்க்காதது உண்மைதானே, என்ன சொல்வது?

இரண்டு வருஷம் போனது. கண்டியில் ஆபரேஷன் செய்து கண் தெளிந்தது, வேலைதான் திரும்பவில்லை. மகன் நோபர்ட் கட்டாருக்குப் போகும்போது தன்னுடைய விளையாட்டுக் கம்பியூட்டரை வீட்டில் விட்டுப் போனான். அது சாதாரணப் பெட்டி அல்ல. பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே நீல வெளிச்சம் எரியும் பெட்டி. அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று போவதற்கு முதல் நாள் அதில் லொறி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான்.

ரபாயேலுக்கு அதன் பிறகு வேறு உலகம் இல்லை. காலையில் முகம் கழுவி, சட்டை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் தேசத்துப் பெரிய ரோட்டில் பால்மாவோ இரும்போ ஏற்றிக்கொண்டு போவார். அந்த ரோட்டில் மாடு இல்லை, குழி இல்லை, குறுக்கே ஓடும் பிள்ளைகளும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தார். வண்டி ஓடுவது விரல் நுனியால்தான், ஆனாலும் வலது கால் தரையை மிதித்து மிதித்து அந்த இடத்துச் சீமெந்து மட்டும் மினுங்கியது.

எல்லாம் நாற்பது நிமிஷத்துக்குத்தான். அதற்கு மேல் பெட்டி கொதிக்கும். உள்ளேயிருக்கும் காற்றாடி ஊளையிடும், பிறகு படம் டப்பென்று கறுத்துவிடும். லொறியும் லோடும் நடு ரோட்டில். நடுவில் சேமித்து வைக்க அவருக்கு அப்போது தெரியாது, மறுபடி போட்டால் மறுபடி முதல் ஊரிலிருந்து புறப்பட வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு லோடுகூட அவர் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

அப்படி ஒரு மாலையில் படம் கறுத்தபோது சிவலிங்கம் பேப்பருக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னா அண்ணே, இதுவும் பொங்கிருச்சா?"

ரபாயேல் சிரித்தார். சிரித்தாரே தவிர அன்று சாப்பாடு இறங்கவில்லை. பொங்காமல் ஒரே ஒரு பயணம், ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடம் வரைக்கும், அதுவும் இந்த லிங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு டீக்கடையில் அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்கலாம். விளையாட்டுப் பெட்டிக்காக ஐம்பத்தாறு வயது மனுஷன் இப்படி வயிறெரிவதா என்று கேட்பவர்கள், நாற்பது பேரை நடுமலையில் இறக்கி விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நோபர்ட் போன் எடுத்தபோது விஷயத்தைச் சொன்னார்.

"அப்பா, தண்ணிய ஓட விட்டுக் குளிராக்குற முறை ஒண்ணு இருக்கு. பெரிய மெசினுக்கெல்லாம் அப்பிடித்தான் செய்றாங்க. சின்ன மோட்டார், ரேடியேட்டர், டியூப்..."

"ரேடியேட்டரா?"

"ஆமா. ஆனா அது கஷ்டமான வேலை. நீங்க கை வைக்காதீங்க. நான் லீவுல வந்து..."

ரேடியேட்டர் என்ற சொல்லுக்கு அப்புறம் ரபாயேல் எதையும் கேட்கவில்லை. எஞ்சின், தண்ணீர் மோட்டார், ரேடியேட்டர், குழாய், மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. இதைப் போய் மகன் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதா? அன்றே ஒரு கொப்பி வாங்கித் திட்டம் போட உட்கார்ந்தார்.

முதல் திட்டத்தில் ரேடியேட்டர் லொறியுடையது. அறைக்குள் வைக்க இடமில்லாததால் அதை ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தில் கட்டுவதாக வரைந்திருந்தார். டொறீன் கொப்பியைப் பார்த்தாள்.

"ஏன், அடியில நாலு சில்லும் பூட்டி வீட்டையே ஓட்டிட்டுப் போயிருங்களேன்."

இரண்டாவது திட்டத்தில் தண்ணீர் நேரே குழாயிலிருந்து வந்து, கம்பியூட்டருக்குள் போய், வெளியே வந்து வாழைக்குப் பாய்ந்தது. டவுனில் தண்ணீர் வருவது காலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும் என்று டொறீன் நினைவூட்டினாள். மூன்றாவது திட்டத்தைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அது சரியான திட்டம் என்று ரபாயேல் முடிவு செய்தார்.

கொப்பியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சாலிஹ் நானாவின் ரேடியேட்டர் பட்டறைக்குப் போனார். சாலிஹ் நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"எத்தன சிலிண்டர்?"

"சிலிண்டர் இல்ல நானா. இதுக்குள்ள ரெண்டு 'கோர்' இருக்குன்னு மகன் சொன்னான்."

"சரி, ரெண்டு சிலிண்டர்னு வைப்பமே."

வேலை அப்படித்தான் ஆரம்பமானது. பழைய இங்கிலீஷ் கார்களில் ஆட்களுக்குக் குளிராமல் இருக்க ஒரு குட்டி ரேடியேட்டர் வைத்திருப்பார்கள். மாத்தளை வெயிலில் அதை யார் போடப்போகிறார்கள்? கழற்றி வீசிய ஒன்று புத்தம் புதிதாகப் பட்டறை மூலையில் கிடந்தது. மோட்டார், மீன் தொட்டிக்கு வைப்பது. குழாய்க்கு, சுவர் கட்டும் மேசன் பாஸ்மார் மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூப். கம்பியூட்டரின் சூடான இடத்தில் உட்காரும் செம்புக் கட்டியை நானாவே செய்தார். தண்ணீர் போய்வர உள்ளே சீப்புப் பல் மாதிரி மெல்லிய வழிகள் அறுத்து, மேலே மூடி வைத்துப் பற்றவைத்தார். தண்ணீர்த் தொட்டிக்கு டொறீனின் அச்சாறுப் போத்தல்.

போத்தலைக் கொடுப்பதற்கு டொறீன் மூன்று நாள் யோசித்தாள். கடைசியில் அச்சாறை வேறு போத்தலுக்கு மாற்றி, இதை நாலு தரம் கழுவி, "இன்னும் புளி மணம் இருக்கும், பரவாயில்லயா?" என்று கேட்டுக் கொடுத்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் ஆசைதான். கணவர் இப்படிச் சட்டை மடித்துவிட்டு வேலை பார்ப்பதை இரண்டு வருஷமாக அவள் காணவில்லை.

ரபாயேல் தன் பங்குக்கு ஒன்று கேட்டார். நோபர்ட்டின் பட்டியலில் இல்லாதது. பஸ்ஸில் இருக்கும் சூடு காட்டும் வட்டம். சாலிஹ் நானா ஒரு பழைய பஸ்ஸிலிருந்து கழற்றி, அதன் நுனியைச் செம்புக் கட்டியிலேயே பதித்துக் கொடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு இருந்த அந்த வட்டத்தை ரபாயேல் திரைக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேரே, ஆணி அடித்து மாட்டினார். பெட்டியின் மேல் பழைய பஸ்ஸிலிருந்த அந்தோனியார் படத்தையும் ஒட்டினார்.

"எல்லாத்தையும் பூட்ட முதல், வெளியில வச்சு ஒரு நாள் ஓட விட்டுப் பாருங்க" என்று நோபர்ட் போனில் கெஞ்சினான். இனித் தடுக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "மூட்டுக்குக் கீழ எல்லாம் பேப்பர விரிச்சு வைங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். பேட்டரிக்கு ஊத்துற தண்ணி மட்டும்தான் ஊத்தணும். வேற எதுவும் போடக்கூடாது."

ரபாயேல் சொன்னபடியே செய்தார். மேசை முழுக்கப் பேப்பர் விரித்து மோட்டாரைப் போட்டார். தண்ணீர் அழகாக ஓடியது. ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால், மரண அறிவித்தல் பக்கத்தில் ஒரு பெரியவரின் மூக்கு நனைந்திருந்தது. ரேடியேட்டர் மூட்டில் கசிவு. பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. கிளிப்பை இறுக்கினார், நிற்கவில்லை. மாற்றிப் போட்டார், நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் இருபத்தாறு வருஷ அனுபவம் வந்து அவர் கையைப் பிடித்தது. மலைப்பாதையில் ரேடியேட்டர் ஒழுகினால் பட்டறையைத் தேடிக்கொண்டா போவார்கள்? ஒரு பிடி மிளகுத்தூளை உள்ளே போடுவார்கள். தூள் தண்ணீரோடு சுற்றி, ஓட்டையைத் தேடிப் போய், ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும். அந்தப் பாதையில் ஓட்டிய எந்த டிரைவரிடமும் கேட்டுப் பாருங்கள். மாத்தளையில் மிளகுக்கு என்ன குறை? டொறீன் சாமான் வாங்கப் போன நேரம் பார்த்துச் சமையலறைக்குள் போய் இரண்டு கரண்டி எடுத்து வந்து அச்சாறுப் போத்தலுக்குள் கொட்டினார்.

அரை மணித்தியாலத்தில் சொட்டு நின்றது. விடிய விடிய ஓடியும் பெரியவரின் மூக்கு மறுபடி நனையவில்லை. இதை நோபர்ட்டுக்கு அவர் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை அல்லவா?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சிவலிங்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். எல்லாம் பூட்டித் தயாராக இருந்தது. விளையாட்டில் இருப்பதிலேயே தூரமான லோடு, ஒரு மணியும் ஐம்பது நிமிஷமும் ஓட வேண்டியது. டொறீன் கதிரை போட்டாள். சிவலிங்கம் உட்காரவில்லை. பழக்க தோஷத்தில் கதவோரம் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லொறி புறப்பட்டது. இருபது நிமிஷம். முப்பது. நாற்பதாவது நிமிஷத்தில் டொறீன் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. முள் பச்சையிலேயே நின்றது. ஐம்பது நிமிஷம். ரபாயேலின் தோள் மெல்ல நிமிர்ந்தது. லிங்கம் ஏதாவது நக்கலாகச் சொல்வான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். லிங்கத்திடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் பார்ப்பது ரோட்டையும் அல்ல, லொறியையும் அல்ல. அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மணித்தியாலம் தாண்டியபோது டொறீன் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னாங்க, யாரு ரசம் வைக்கிறது? நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலயே."

ரபாயேலுக்கும் மணம் வந்தது. கண்ணாடி டியூப்புக்குள் சுற்றிக்கொண்டிருந்த கறுப்புப் பொடி இப்போது சுற்றவில்லை, தேங்கி நின்றது. சீப்புப் பல் மாதிரி வழிகளையும் ஓட்டை என்று நினைத்து மிளகு தன் வேலையைச் செய்துவிட்டது. முள் பச்சையை விட்டு அசைந்தது. அசைந்து ஏறியது.

இந்த முறை ரபாயேல் பார்த்தார். பதறவில்லை. சிக்னல் போட்டார், வேகத்தைக் குறைத்தார், லொறியை ரோட்டோரமாக ஒதுக்கி நிறுத்தினார், நோபர்ட் போனில் சொல்லிக் கொடுத்திருந்தபடி விளையாட்டை அந்த இடத்திலேயே சேமித்து வைத்துவிட்டுப் பெட்டியை முறையாக அணைத்தார். முள் சிவப்பைத் தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளி இருந்தது. கை தானாகப் பின்னால் நீண்டது.

"லிங்கம், தண்ணி!"

சிவலிங்கம் நிலையை விடவில்லை.

"அண்ணே, அன்னைக்கும் இப்பிடித்தான் கேட்டீங்க."

"என்னைக்கு?"

"கடைசி நாளு. நீங்க தண்ணின்னு கத்துனீங்க. தண்ணிக் கேன யாரோ களவெடுத்துட்டாங்கன்னு நான் சொன்னேன்."

"ஆமா."

"யாரும் எடுக்கல. நான்தான் வீசுனேன்."

ரபாயேல் கதிரையோடு திரும்பினார். சிவலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காலையில செக் பொயின்ட்ல எல்லாரையும் எறக்கி வரிசையில நிக்க வச்சாங்க. நீங்க முன்னுக்குப் போயி பஸ் பேப்பர் காட்டிக்கிட்டு இருந்தீங்க. ஆமிக்காரன் கேன எடுத்துக்கிட்டு வந்து இது என்னான்னு கேட்டான். சிங்களத்துல வத்துர மாத்தயான்னேன். தண்ணின்னா குடிச்சுக் காட்டுன்னான். ஒயில் கேன் அண்ணே அது. ரேடியேட்டருக்கு ஊத்துற தண்ணி. குடிச்சேன். ஒரு தரம் குடிச்சது காணாதுன்னு இன்னொரு தரம் குடிக்கச் சொன்னான். அந்தக் கல்யாணக்காரங்க எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னாங்க. எம் பொஞ்சாதி வழிச் சொந்தக்காரன் ஒருத்தனும் நின்னான். யாரோ சிரிச்சாங்க."

டொறீன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பாலத்துக்கிட்ட வந்ததும் புட்போர்ட்ல நின்னு கேன ஆத்துல வீசிட்டேன். அத இன்னொரு தரம் கையால தொட முடியல அண்ணே. ரத்தோட்டையில நிப்பாட்டி, தண்ணி ஊத்திட்டியான்னு கேட்டீங்க. ஊத்திட்டேன்னு சொன்னேன்."

"டீக்கடையில எல்லாம் முள்ளு, முள்ளுன்னு..."

"முள்ளப் பத்தி நான் முதல்ல சொல்லிட்டா தண்ணியப் பத்தி ஒருத்தனும் கேக்க மாட்டான்னு நெனச்சேன்."

ரபாயேலுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் அல்ல, கை ஓங்குகிற கோபம். முதலாளியின் மேசையில் சாவியை வைத்தபோது கேட்ட அந்தச் சத்தம் இரண்டு வருஷமாக அவர் காதில் இருக்கிறது. இத்தனை நாளும் இவன் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறான். ஆனால் கோபத்துக்கு நடுவில், வரிசையில் எல்லாரும் பார்த்திருக்க ஒயில் கேனை வாய்க்குத் தூக்கும் லிங்கமும் கண்ணுக்குத் தெரிந்தார். அழுகை வந்துவிடும் போலிருந்தது. திரும்பி வட்டத்தைப் பார்த்தார்.

"நீ ஊத்தாட்டியும் முள்ளு காட்டிச்சிதானே" என்றார் கடைசியில். "பாக்காதது நான். ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் பொங்க வச்சிருக்கோம்."

சிவலிங்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இனி டீக்கடையில அப்பிடித்தான் சொல்லணும்."

"சொல்றேன் அண்ணே."

"அப்ப ரெண்டு பேருமா இந்த மிளகையும் கழுவுங்க" என்றாள் டொறீன். "எங்கடா ரெண்டு கரண்டி குறையுதேன்னு பார்த்தேன்."

கழுவ ஒரு வாரம் பிடித்தது. சாலிஹ் நானா செம்புக் கட்டியைத் திறந்து பார்த்து, இதில் மீன் குழம்புதான் வைக்கலாம் என்றார். மூட்டுக்குப் புது வாஷர் போட்டுக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு சிவலிங்கம் தன் கையாலேயே அச்சாறுப் போத்தலை விளிம்பு வரை நிரப்பி மூடியை இறுக்கினார்.

"ஊத்திட்டேன் அண்ணே. வந்து பாருங்க."

"நீ ஊத்துனாச் சரி" என்றார் ரபாயேல். அவர் கண் வட்டத்தில் இருந்தது. "நான் முள்ளப் பார்த்துக்கிறேன்."

சிவலிங்கம் கதவு நிலையில் இரண்டு தட்டுத் தட்டினார். ரோட்டோரத்தில் ஒரு வாரமாக நின்ற லொறி புறப்பட்டது. மீதித் தூரம் ஐம்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. முள் பச்சையை விட்டு ஒரு மயிரளவும் நகரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் மட்டும் கேட்டது. கடைசியில் பேர் வாயில் நுழையாத ஏதோ ஒரு ஊரில், ஆளே இல்லாத ஒரு பெரிய முற்றத்தில், ரபாயேல் லொறியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

சிவலிங்கம் நிலையை விட்டுக் கையை எடுத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, பதினெட்டு வருஷம் கூவிய அதே குரலில் கூவினார்.

"பல்லேகம! பல்லேகம! எல்லாரும் எறங்குங்க!"

ரபாயேல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் இறங்கி முடியும் வரை உட்கார்ந்திருந்தார்.